சிக்கிமுக்கிக் கல்லின் வாரிசுகள்

இந்தியாவில் சிமெண்டின் வலிமையைச் சோதிக்க எண்ணூர் மணல் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 650 விதி அப்படித்தான் சொல்கிறது. பழவேற்காடு முகத்துவாரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே வந்தால் காட்டுப்பள்ளி, அதைத் தாண்டினால் எண்ணூர். அங்கே கிடைக்கும் வெளிர் சாம்பல் நிற மணலைத் தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் சலித்து மூன்று பருமன்களாகப் பிரிக்கிறது. 2 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை ஒன்று, 1 முதல் அரை மில்லிமீட்டர் வரை ஒன்று, அரை மில்லிமீட்டர் முதல் 90 மைக்ரான் வரை ஒன்று. மூன்றிலும் சம பங்கு எடுத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணலாகக் கலந்து, 70.6 மில்லிமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக வார்ப்பார்கள். 3, 7, 28 நாட்கள் கழித்து அவற்றை எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள்.

இந்த மணலுக்கு ஏன் இந்த மரியாதை? ஏறத்தாழ முழுக்க முழுக்க குவார்ட்ஸ் என்பதால்தான். தண்ணீரோடும் சிமெண்டோடும் சேர்ந்தாலும் அது தானாக எந்த வேதிவினையிலும் இறங்காது. கட்டி உடைந்தால் குறை சிமெண்டில்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் என்ற கணக்கில் பின்னப்பட்ட பொருள். பழவேற்காட்டைச் சுற்றியுள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவ ஊர்களின் பிழைப்பே இந்தச் சிலிக்காவின் போக்கைப் பொறுத்தது. வங்கக் கடலையும் பழவேற்காடு ஏரியையும் பிரித்து நிற்பது ஒரு மணல் திட்டு. அலை கொண்டுவந்து கொட்டும் மணலால் முகத்துவாரம் தூர்ந்துபோனால் கடல்நீர் உள்ளே ஏறாது. அதோடு வரவேண்டிய இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வராது. படகும் வெளியே போகாது.

அந்த மணலிலிருந்து கிளைத்த பெயர்கள் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடத்தில் வரிசையாக வருகின்றன: சிலிக்கான், சிலிக்கா, சிலிக்கேட், சிலிக்கோன், ஜியோலைட். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பெயர்கள் இவை. ஆனால் ஒவ்வொரு பெயரும் எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. தமிழ் இலக்கணத்தில் பகுதி, விகுதி என்று பதத்தைப் பிரிப்பது போல இவற்றையும் பிரிக்கலாம். ஜியோலைட் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பகுதி ஒன்றுதான். விகுதி மாறும்போது பொருள் மாறுகிறது.

கல்லில் பிறந்த பகுதி

பகுதி லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘சிலெக்ஸ்’ என்றால் அந்த மொழியில் கடினமான கல், குறிப்பாகச் சிக்கிமுக்கிக் கல். வேற்றுமை ஏற்கும்போது அது ‘சிலிசிஸ்’ ஆகும். ஐரோப்பாவின் கற்கால மனிதர்கள் கத்தியும் கோடரியும் செதுக்கியது பெரும்பாலும் இந்தக் கல்லில்தான். பின்னாளில் மக்கள் இரும்போடு உரசித் தீ மூட்டியதும் இதில்தான். 18-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் இந்தக் கல்லிலும் மணலிலும் இருக்கும் வெண்பொடியை ‘சிலிக்கா’ என்றார்கள். அலுமினா, மெக்னீசியா, சிலிக்கா என்று ‘ஆ’வில் முடியும் பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்து ‘மண்’ வகைகள். இன்றைய கணக்கில் ஆக்சைடுகள். ஆன்டுவான் லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் சிலிக்காவும் ஒரு மண்ணாக இடம்பெற்றது. ஆனால் அது தனிமமாக இருக்காது, ஏதோ ஒன்றின் ஆக்சைடாக இருக்கும் என்ற ஐயம் அவருக்கே இருந்தது.

சிக்கிமுக்கிக் கல் ஐரோப்பியர்களின் தனிச் சொத்து இல்லை. பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் நடத்திய அகழாய்வில் அங்குள்ள பழமையான கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று தெரியவந்தது. 2011-இல் முடிவு வெளியானது. அந்தக் கோடரிகள் குவார்ட்சைட் பாறையில் செதுக்கப்பட்டவை. குவார்ட்சைட் என்பது மணல்தான். மண்ணுக்கடியில் அழுந்தி, வெப்பத்தில் இறுகி, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையான மணல். லத்தீன்காரர்களின் சிலெக்ஸும் அத்திரம்பாக்கத்துக் கோடரியும் வேதியியல் கண்ணில் ஒரே பொருள்.

தமிழிலும் சிலிக்காவுக்குப் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. தீ உண்டாக்கும் கல் சிக்கிமுக்கிக் கல். செம்மண் காட்டில் பளிச்சென்று கிடக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டு வெங்கச்சாங்கல். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ் பளிங்கு, படிகம்.

உலோகமா, அலோகமா?

சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தனிமத்தை வெளியே எடுக்க இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி முயன்றார். 1808-இல் அதற்கு முன்கூட்டியே ‘சிலிசியம்’ என்று பெயரும் வைத்துவிட்டார். சோடியம், பொட்டாசியம் என்று அவர் கண்டுபிடித்த உலோகங்களின் வரிசையில் இதுவும் உலோகமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். ‘இயம்’ என்ற விகுதி அதற்காகத்தான். தனிமம் மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

1817-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் தாம்சன் இந்தப் பெயரை மறுத்தார். இது உலோகம்போல நடந்துகொள்ளாது, கார்பனுக்கும் போரானுக்கும்தான் சொந்தக்காரன் என்று வாதிட்டு, அவற்றின் ‘ஆன்’ விகுதியைச் சேர்த்து ‘சிலிக்கான்’ என்றார். கடைசியில் தனிமத்தைப் பிரித்தெடுத்தவர் சுவீடனின் யான்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ். 1823–24-இல், சிலிக்கானும் ஃபுளோரினும் பொட்டாசியமும் சேர்ந்த ஒரு உப்பைப் பொட்டாசிய உலோகத்தோடு சூடாக்கி, மீதியைத் திரும்பத் திரும்ப நீரில் கழுவி, பழுப்புப் பொடியாக அதைப் பெற்றார்.

அந்தப் பழைய விவாதம் மொழிகளில் இன்னும் உறைந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் டேவியின் ‘சிலிசியம்’ என்ற வடிவத்தையே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலமும் அதன் வழியே தமிழும் தாம்சன் பக்கம் நின்றன. சுவீடன்காரர்கள் லத்தீனை விட்டுவிட்டு ‘கிசெல்’ என்று தங்கள் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அதற்கும் சிக்கிமுக்கிக் கல் என்றே பொருள். விவாதத்துக்கு வேதியியல் பின்னர் தந்த பதில் இரண்டு பேருக்கும் பாதி வெற்றி: சிலிக்கான் ஒரு உலோகப்போலி, அரைக்கடத்தி.

பூமியின் மேலோட்டு எடையில் ஏறத்தாழ 28 சதவீதம் சிலிக்கான்தான். ஆக்சிஜனுக்கு அடுத்தபடி மிகுதியாக இருக்கும் தனிமம் இது. ஆனாலும் இயற்கையில் தனியாகக் கிடைப்பது மிக அரிது. எப்போதும் ஆக்சிஜனின் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஏரி நீருக்குள் சிலிக்கா

மணல் தண்ணீரில் கரையாது என்றுதான் எல்லோரும் நினைப்போம். மிக மிகச் சிறிய அளவில் கரைகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து விழும் மழைநீர் பாறைகளை மெல்ல அரிக்கும்போது அவற்றிலுள்ள சிலிக்கா ‘சிலிசிக் அமிலம்’ என்ற வடிவில் நீரில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதைப் பழவேற்காடு ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இந்த அமிலத்தின் பெயரிலிருந்துதான் ‘சிலிக்கேட்’ பிறக்கிறது. சல்ஃபியூரிக் அமிலம் தரும் உப்பு சல்ஃபேட், நைட்ரிக் அமிலம் தருவது நைட்ரேட். அதே விதிப்படி சிலிசிக் அமிலத்தின் வழி வந்தவை சிலிக்கேட்டுகள். பெண்கள் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும்போது விரலில் ஒட்டும் களிமண் ஒரு சிலிக்கேட். அதே களிமண்ணைச் சுட்டால் செங்கல், ஓடு, சட்டிபானை.

சிலிசிக் அமிலத்துக்காக ஏரியில் காத்திருக்கும் உயிர்கள் டையாட்டம் என்ற ஒற்றைச்செல் பாசிகள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் மூடி போட்ட சிறு டப்பா போலத் தெரியும். டப்பாவின் சுவர் சிலிக்கா; அதில் வரிவரியாக நுண்துளைகள், சல்லடையைவிட ஒழுங்காக. நீரிலிருந்து சிலிசிக் அமிலத்தை உறிஞ்சி, எந்த உலையும் இல்லாமல், ஏரி நீரின் வெப்பநிலையிலேயே இந்தக் கண்ணாடிக் கூட்டை அவை கட்டிக்கொள்கின்றன. கிரேக்கத்தில் ‘டையாட்டமோஸ்’ என்றால் இரண்டாக வெட்டப்பட்டது. மேல் ஓடு, கீழ் ஓடு என்று கூடு இரண்டாகப் பிரிவதால் இந்தப் பெயர். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் வேலை.

பழவேற்காட்டு வலைகளில் விழும் மடவை மீன், சேற்றின் மேற்பரப்பில் படியும் டையாட்டத்தையும் மக்கிய பொருட்களையும் மேய்ந்து வளர்வது. மழை பாறையிலிருந்து கரைத்த சிலிக்கா, ஆற்றில் வந்து, பாசியின் கூடாகி, மடவையின் வயிற்றைக் கடந்து, மறுபடி ஏரிச் சேற்றில் படிகிறது. ஆற்று நீர் குறைந்தால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே மெலியும். ஏரிக்கு வரும் நன்னீரைப் பற்றிப் பேசும்போது உப்பின் அளவோடு சிலிக்காவின் அளவையும் சேர்த்துப் பேசவேண்டிய காரணம் இது.

ஃபைபர் படகின் உள்ளே

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுவதும் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் அழுத்தி, அதன்மேல் இன்னொரு பாய் என்று அடுக்கடுக்காகக் கட்டுவது இந்தப் படகு. அடிபட்ட படகின் உடைந்த விளிம்பைப் பார்த்தால் வெள்ளை முடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் தெரியும். தொட்டால் கை அரிக்கும். ஒவ்வொரு இழையும் மனித முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதில் பாதிக்கு மேல் சிலிக்கா.

கண்ணாடி என்பது கல்லின் உறவு, ரெசின் என்பது பிளாஸ்டிக்கின் உறவு. இரண்டும் இயல்பாக ஒட்டாது. ஒட்டாவிட்டால் இழைக்கும் ரெசினுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து அடுக்கு கழன்றுவிடும். அதனால் இழை தயாராகும்போதே அதன்மேல் ‘சிலேன்’ வகைப் பொருள் ஒன்றை மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். அதன் ஒரு முனை கண்ணாடியின் சிலிக்காவோடு பிணையும். மறு முனை ரெசினோடு பிணையும். அலையில் அடிபட்டும் படகு பிரியாமல் இருப்பதில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘சிலேன்’ என்ற பெயரில் இருக்கும் ‘ஏன்’ விகுதி மீத்தேன், ஈத்தேனில் இருப்பதுதான். ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் மீத்தேன். ஒரு சிலிக்கானும் நான்கு ஹைட்ரஜனும் சிலேன். 1857-இல் வேதியியலாளர்கள் வோலரும் பஃபும் இந்த வாயுவைத் தயாரித்தார்கள். ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் ஸ்டாக் 1916-இல் இந்தப் பெயரை முன்வைத்தார். மீத்தேன் எரிய நெருப்பு வேண்டும். சிலேன் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும்.

மின்னணுச் சில்லுக்கான சிலிக்கானும் சிலேன் குடும்பத்தின் வழியாகத்தான் வருகிறது. கடற்கரை மணலை அள்ளி சில்லு செய்வதாக ஒரு பேச்சு உண்டு. நடைமுறையில் தூய்மையான குவார்ட்ஸ் பாறையைத்தான் தேடி எடுக்கிறார்கள். அதைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் காய்ச்சினால் 98, 99 சதவீதத் தூய்மையில் சிலிக்கான் வரும். சில்லுக்கு அது போதாது. அதை ‘டிரைகுளோரோசிலேன்’ என்ற திரவமாக்குகிறார்கள்: மூன்று குளோரின் சேர்ந்த சிலேன் என்று பெயரே சொல்லிவிடுகிறது. சுமார் 32 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவத்தைக் காய்ச்சி வடித்து, மறுபடி சிலிக்கானாக மாற்றுகிறார்கள். மீனவர்கள் கடலுக்கு எடுத்துப் போகும் செல்போனிலும் ஜி.பி.எஸ். கருவியிலும் இருப்பது இப்படிப் புடம் போட்ட சிலிக்கான்.

‘கா’ ‘கோ’வானால்

கடையில் ‘சிலிக்கான் கவர்’ என்று கேட்டு வாங்கும் செல்போன் உறைக்குள் தனிமச் சிலிக்கான் கிடையாது. சிலிக்கான் சாம்பல் நிறத்தில் மின்னும், தட்டினால் உடையும், 1414 டிகிரியில்தான் உருகும். வளைந்து கொடுக்கும் அந்த ரப்பர் சிலிக்கோன். பாட்டிலில் குழந்தை சப்பும் ரப்பர், ஜன்னல் இடுக்கை அடைக்கும் பசை, சூடு தாங்கும் சமையல் கரண்டி என்று இதற்குப் பல முகம்.

இந்தப் பெயரை வைத்தவர் நாட்டிங்காமில் பணியாற்றிய ஃபிரெடெரிக் கிப்பிங். 1901-இல் அவர் தயாரித்த ஒரு பொருளின் வாய்பாடு, பென்சோஃபீனோன் என்ற கீட்டோனின் வாய்பாட்டைப் போலவே இருந்தது. கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கான், அவ்வளவுதான். கீட்டோனின் ‘ஓன்’ விகுதியைச் சேர்த்து ‘சிலிக்கோன்’ என்றார். வாய்பாடு ஒன்றானாலும் குணம் ஒன்றில்லை. கார்பன் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும். சிலிக்கானுக்கு அது பிடிக்காது. சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான், ஆக்சிஜன் என்று கைகோத்து நீண்ட சங்கிலியாகிவிடும். அந்தச் சங்கிலிதான் சிலிக்கோனின் வளைவுத் தன்மைக்கும் சூடு தாங்கும் தன்மைக்கும் காரணம். இதற்கு வேதியியல் பின்னர் தந்த சரியான பெயர் ‘சிலாக்சேன்’. சிலிக்கானின் ‘சில்’, ஆக்சிஜனின் ‘ஆக்ஸ்’, மீத்தேனின் ‘ஏன்’ என்று மூன்றும் சேர்ந்த கூட்டுப்பெயர். ஆனாலும் ‘சிலிக்கோன்’ என்பதை உலகம் விடவில்லை. 1969-இல் நிலவில் பதிந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் காலணி அடிப்பாகம் சிலிக்கோன் ரப்பர்.

கொதிக்கும் கல், காக்காப்பொன்

இறால் பண்ணைக்காரர்களுக்கு ஜியோலைட் புதிய சொல் அல்ல. குளத்தில் தீவன மிச்சமும் கழிவும் சேர்ந்து அம்மோனியா ஏறும்போது மூட்டை மூட்டையாகத் தூவுவது அது. ஜியோலைட் ஒரு அலுமினோ சிலிக்கேட். உள்ளே ஒழுங்கான நுண்குகைகள் கொண்டது. 1756-இல் சுவீடனின் ஆக்செல் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது குகைகளில் இருந்த நீர் ஆவியாகி, கல்லே கொதிப்பதுபோலப் பொங்கியது. கிரேக்கத்தில் கொதித்தலுக்கு ‘ஜியோ’, கல்லுக்கு ‘லித்தோஸ்’. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

ஏரியின் வடகோடிக்கு அப்பால், ஆந்திரத்தின் கூடூர் வட்டாரம் நெல்லூர் மைக்கா சுரங்கங்களுக்குப் பேர்போனது. ஏடு ஏடாகப் பிரியும் மைக்காவும் சிலிக்கேட்தான். மினுமினுக்கும், ஆனால் பொன் அல்ல என்பதைத் தமிழ் மக்கள் ஒரே சொல்லில் சொன்னார்கள்: காக்காப்பொன்.

மருந்துப் புட்டியில் கிடக்கும் ‘சிலிக்கா ஜெல்’ பொட்டலத்தில் ஜெல் எதுவும் இல்லை, உலர்ந்த மணிகள்தான் இருக்கின்றன. சோடியம் சிலிக்கேட் கரைசலோடு அமிலம் சேர்த்தால் முதலில் கூழ் உண்டாகும். அதைக் காயவைத்தால் இந்த மணி. பிறந்தபோது இருந்த நிலை பெயரில் தங்கிவிட்டது. வால்டர் பேட்ரிக் என்ற அமெரிக்கர் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் மாத்திரையும் கேமராவும் கெடாமல் காப்பது இந்த நுண்துளை மணிகளே.

நுரையீரலில் நுழையும் தூசு

குடும்பத்தில் அஞ்சவேண்டிய பெயர் ஒன்று உண்டு: சிலிக்கோசிஸ். ‘ஓசிஸ்’ நோயைக் குறிக்கும் கிரேக்க விகுதி. 1870-இல் இத்தாலி மருத்துவர் விஸ்கான்டி இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். கல்லை உடைக்கும்போதும் அரைக்கும்போதும் எழும் சில மைக்ரான் அளவுத் தூசு நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கி, அங்கே தழும்பு தழும்பாகக் கட்டிக்கொள்ளும். அந்தத் தழும்பு மீண்டும் மென்மையாகாது. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்கள் எத்தனையோ பேர் இதற்குப் பலியானார்கள். இந்நோயைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது.

கடற்கரையில் விளையாடும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை. சோதனைக்காகச் சலித்த எண்ணூர் மணலின் மிகச் சிறிய மணியே 90 மைக்ரான். அது நுரையீரலின் ஆழம் வரை போகாது. ஆபத்து சிலிக்காவில் மட்டும் இல்லை, அதன் அளவிலும் இருக்கிறது. கல் அறுக்கும், கிரானைட் மெருகேற்றும், மணல் பீய்ச்சித் துரு நீக்கும் இடங்களில் தண்ணீர் தெளிப்பதும் சரியான முகக்கவசம் அணிவதும் உயிர் காக்கும் காரியங்கள். அந்த வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு வரவேண்டிய பொருட்கள்

ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் விண்கல மீட்புச் சோதனைக் கலம் ஒன்று புறப்பட்டது. ஜனவரி 22 அன்று அது வளிமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பி வங்கக் கடலில் விழுந்தது. அதன் கூம்பு வடிவ உடலைத் தீயிலிருந்து காத்தவை எடை குறைந்த சிலிக்கா ஓடுகள். ராக்கெட் புறப்படும் நாட்களில் கடலுக்குப் போகாமல் காத்திருக்கும் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அந்த ஓட்டின் பொருளும் காலடி மணலின் பொருளும் ஒன்று என்று சொல்லித்தர வேண்டும்.

இந்தப் பாடத்தை நடத்தப் பழவேற்காட்டுப் பகுதி ஆசிரியர் ஒருவர் பெரிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு பிடி மணல், கொஞ்சம் ஏரிக் களிமண், உடைந்த ஃபைபர் படகின் துண்டு, செல்போன் உறை, மருந்துப் புட்டியின் சிலிக்கா ஜெல், பண்ணையிலிருந்து ஒரு கைப்பிடி ஜியோலைட். பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் ஏரி நீரில் ஒரு துளி. ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து, அதன் பெயரைப் பகுதி விகுதியாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதினால் ஒரு பாடவேளை போதும். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. வட்டாரத்துக் கற்கருவிகள் அங்கே காட்சிக்கு உள்ளன. பள்ளிச் சுற்றுலாவில் அதையும் சேர்த்துக்கொண்டால், கல்லைக் கருவியாக்கிய கைகளின் வேலையை மாணவர்கள் தங்கள் மாவட்டத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.